மண்ணணையும் மாரி வெள்ளமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவிலே கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து வருவோர் அடுத்து அடைவது புத்தூர். தெருவுக்கு மேற்கே செம்மண் தோட்டங்கள். புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் விளையும் நிலம். கிழக்கே செல்லச் செல்ல மண்ணின் நிறம் மாறுகின்றது. செம்மை மங்கிச் சாம்பல் நிறம் தோன்றுகின்றது. தோட்டம் வயலாகின்றது, வயல் உவர்த்தரையாகின்றது, உவர்த்தரைக்கு அப்பால் தொண்டைமானாற்றுக் கடனீரேரி கிடக்கின்றது. பெயரிலேதான் ஆறு இருக்கின்றது. மலையில் ஊற்றெடுத்து வரும் ஆறு குடாநாட்டில் ஒன்றேனும் இல்லை. கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக வெட்டுவித்த வாய்க்காலே அப்பெயரைப் பெற்றதென்பது மரபு. வலிகாமத்தின் மேற்குப் பகுதியிலே ஓடும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் உயிர்பெற்று, கோடையில் மறைந்துபோகும் ஓடையேயாகும்.

ஆறில்லாத நாட்டுக்கு வெள்ளம் எங்கிருந்து வருகின்றது? வானத்திலிருந்து நேராக வருகின்றது. ஆண்டிலே பெய்யும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள் விழுந்துவிடும். எஞ்சிய மாதங்களிலே குடாநாட்டு மக்கள் கிணற்றை நம்பியே வாழ்கின்றனர். 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25ஆம் தேதி, நிஷா என்னும் புயல் கடந்தபொழுது, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. 1918ஆம் ஆண்டுக்குப் பின்னர் அத்துணை மழை ஒரு நாளிற் பெய்ததில்லை. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை விழுந்தால் அதன் நிறை ஏறத்தாழ 100 தொன். அன்று விழுந்ததோ பதினைந்து அங்குலத்துக்கும் அதிகம். ஒரு சதுர மைல் நிலத்தின்மேல் ஒரு பகலும் ஓர் இரவும் கடப்பதற்குள் ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் நீர் இறங்கிற்று என்பது இக்கணக்கின் பொருள். தட்டையான நிலத்திலே அந்நீர் விரைந்து ஓடவும் மாட்டாது. தாழ்ந்த இடத்தைத் தேடி மெல்ல நகர்ந்து, கடனீரேரி ஓரத்து வயல்களிலே தங்கி நிற்கும்.

இந்த நீரைக் கடலிற் போக விடுவதா, நிலத்திலே நிறுத்துவதா என்பதுதான் குடாநாட்டின் பழைய வழக்கு. புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இவ்வழக்கின் உட்பொருள் எளிதில் விளங்கும். கடுங் கோடையிலும் வற்றாத அக்கிணற்றின் மேற்பகுதியில் உள்ள நீர் நன்னீர்; ஆழத்தில் உள்ளது உப்புநீர். குடாநாட்டின் சுண்ணக்கல் ஒரு பஞ்சு போன்றது. அதன் துளைகளுக்குள் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரைவிடச் சிறிதளவே கனமுடையது. ஆகையால், கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே நாற்பதடி நன்னீர் நிற்கக் கூடும். ஒல்லாந்தராகிய கைபன் என்பவரும் ஜெர்மானியராகிய ஹேர்ட்ஸ்பேர்க் என்பவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தனித்தனியே கண்ட கணக்கு இது. இதனைத் திருப்பியும் படிக்கலாம். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போய்விடும். கடனீரேரியில் உப்புநீர் நிற்பதற்குப் பதிலாக மழைநீர் நிற்குமானால், கரையோரக் கிணறுகள் எத்துணைப் பயன் பெறும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

இந்தக் கருத்தினால்தான் தொண்டைமானாற்றின் கடல்வாயிலே கதவுகளோடு கூடிய தடுப்பணை ஒன்று 1947ஆம் ஆண்டு தொடங்கி 1953ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டது. உப்பாற்றின் வாயிலாகிய அரியாலையிலும் அவ்வாறே ஓர் அணை எழுந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளராகிய எஸ். ஆறுமுகம் அவர்கள் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னுந் திட்டம் இன்னும் விரிந்தது. ஆனையிறவுக் கடனீரேரியின் இரு முனைகளையும் அடைத்து, வன்னியிலிருந்து கனகராயனாறு கொண்டுவரும் நன்னீரை அங்கே தேக்கி, வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவருவது அவர் எண்ணம். கிழக்கு முனையாகிய சுண்டிக்குளத்தில் மண்ணால் நீண்ட அணையும் வானும் அமைக்கப்பட்டன. பின்னர் வந்த வெள்ளம் அவ்வணையை உடைத்துக்கொண்டு கடலிற் பாய்ந்தது. திட்டம் பாதியில் நின்றது. தொண்டைமானாற்று அணையின் மரக்கதவுகளும் உவர்க்காற்றிற் சிதைந்து, கடல்நீர் உள்ளே வரலாயிற்று. அக்கதவுகள் புதுப்பிக்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன.

பெரிய திட்டங்களின் வரலாறு இவ்வாறிருக்க, கடனீரேரிக் கரையோரங்களிலே அடியளவில் உயர்ந்த சிறு மண்கட்டுகள் ஆங்காங்கே நிற்கின்றன. ஒரு பக்கத்தில் உப்புநீரைத் தடுக்கவும், மறு பக்கத்தில் மாரி வெள்ளத்தை மட்டுப்படுத்தவும் அவை கட்டப்பட்டவை. நாலடி உயரமுள்ளதும் உண்டு. பத்தடி உயர்ந்ததும் உண்டு. பார்வைக்கு அவை வரம்பு போலவே தோன்றும். வரம்பு உடைந்தால் ஒரு வயல் கெடும். பத்தடிக் கட்டு உடைந்தால் ஒரு குறிச்சியே நீரில் நிற்கும். பத்தடி ஆழத்தில் நீரானது ஒவ்வொரு சதுர அடியிலும் ஏறத்தாழ 624 இறாத்தல் நிறையோடு அமுக்குகின்றது. பின்னால் நிற்கும் நீர் பத்து ஏக்கரோ பதினாயிரம் ஏக்கரோ, அமுக்கத்தில் வேறுபாடில்லை. அது ஆழத்தை மட்டுமே பொறுத்தது. ஆகவே சிறிய அணைக்குச் சிறிய கவனம் போதும் என்று எண்ணுவது கணக்கறியாதார் கூற்று.

மண்ணணை நீரைத் தடுத்து நிறுத்துகின்றது என்று சொல்வது வழக்கமேயாயினும், அது முற்றும் சரியன்று. எந்த மண்ணணையும் நீரைக் கசியவே செய்யும். களிமண்ணின் நுண்ணிய இடைவெளிகளூடாக நீர் இடையறாது நடந்துகொண்டிருக்கும். நல்ல அணைக்கும் கெட்ட அணைக்கும் உள்ள வேறுபாடு, அந்த நீர் தனியே நடக்கின்றதா, மண்ணையும் உடன் அழைத்துச் செல்கின்றதா என்பதிலேதான் இருக்கின்றது. 1925ஆம் ஆண்டில் மண்பொறியியல் என்னுந் துறைக்கு அடிகோலிய கார்ல் டெர்சாகி இதற்கொரு வழி வகுத்தார். நீர் வெளியேறும் இடத்திலே குறித்த அளவுடைய மணலையும் அதன் வெளியே சரளையையும் படைபடையாக இட்டால், நீர் வடிந்து போகும். மண் துகள் நின்றுவிடும். வீட்டிலே தேயிலைக் கழிவை வடி தடுப்பது போன்றதே இது. வடியின் கண் மிகப் பெரிதாயிருந்தால் தூள் போய்விடும். மிகச் சிறிதாயிருந்தால் அடைத்துக்கொள்ளும். இன்று கட்டப்படும் முறையான மண்ணணைகளில் இந்த வடிபடை இல்லாதது அரிது. பழைய சிறு கட்டுகளிலோ, இருப்பது அரிது.

மண் நகரத் தொடங்கினால் நிகழ்வதைப் பொறியியலாளர் குழாய்ப்பு என்பர். வெளிப்பக்கத்து அடிவாரத்தில் ஒரு துகள் போகின்றது. அவ்விடத்தில் நீருக்கு வழி சற்றே இலகுவாகின்றது. இலகுவான வழியில் நீர் மிகுதியாக வருகின்றது. மிகுந்த நீர் மேலும் துகள்களைக் கொண்டுபோகின்றது. இவ்வாறு துளை வெளியிலிருந்து உள்ளே, நீரை நோக்கி, கறையான் புற்று வளர்வது போலப் பின்னோக்கி வளரும். அது நீரைத் தொடும் நாள் வரையில் கட்டின் மேலே புல் பசுமையாகத்தான் இருக்கும். தொட்ட பின்னர் நாழிகைக் கணக்கே எஞ்சும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலே, டீட்டன் என்னும் ஆற்றின் குறுக்கே 305 அடி உயரத்தில் எழுப்பப்பட்ட மண்ணணை, முதன்முதலாக நீர் நிரப்பப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1976ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி இவ்வாறு போயிற்று. காலையிற் கண்ட சேற்றுக் கசிவு நண்பகலுக்குள் அணையையே விழுங்கிவிட்டது. புதிய கட்டு, படித்த வல்லுநர், நவீன இயந்திரம் எல்லாம் இருந்தும் பதினொரு பேர் இறந்தனர்.

இலங்கையில் இதற்கு நிகரான துயரம் கந்தளாயில் நிகழ்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாகக் கூறப்படும் அக்குளத்தின் அணை ஏறத்தாழ 50 அடி உயரமும் 14,000 அடி நீளமும் உடையது. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 20ஆம் தேதி அதிகாலை, புத்தாண்டு பிறந்து ஒரு வாரமும் கழியாத வேளையில், ஊர் உறங்கிக்கொண்டிருக்கும்போது அது உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அது பெருமழை மாதமன்று. மாரி முடிந்து பல வாரங்கள் சென்றிருந்தன. வெள்ளம் வந்தால்தான் அணை உடையும் என்னும் பொதுநம்பிக்கையை இந்த ஒரு நிகழ்ச்சியே பொய்ப்பிக்கும். கட்டின்மேல் மிகக் கனத்த வாகனங்கள் செலுத்தப்பட்டமையும் உடைப்புக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அணையை மக்கள் தெருவாக எண்ணுவதில் வியப்பில்லை. சேறும் வெள்ளமும் சூழ்ந்த இடத்திலே உயர்ந்து காய்ந்த பாதை அது ஒன்றுதானே! ஆனால் அணையின் பணி நடப்போரைத் தாங்குவதன்று. அதற்குப் பின்னர், 2008ஆம் ஆண்டிலே உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம் நாட்டின் பெரிய அணைகள் பலவற்றைச் சோதித்துத் திருத்தியது. சிறு கட்டுகளுக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை.

குழாய்ப்பு எளிதில் தொடங்கும் இடம், மண்ணும் கல்லும் சந்திக்கும் இடம். துருசின் சுவரை ஒட்டியோ, கட்டுக்குக் கீழே செல்லும் நீர்க்குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியோ மண் சரியாக இடிபடுவதில்லை. அங்கே இடைவெளி நின்றுவிடும். இலங்கையின் பண்டை அணை வல்லுநர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பெருங்குளங்களின் துருசுகளிலே, உள்ளே நுழையும் நீரின் வேகத்தைத் தணித்து அடக்குவதற்கெனக் கல்லாலான சதுரத் தொட்டியொன்றை அமைத்தனர். சிங்களத்தில் அதற்குப் பிசோகொட்டுவ என்று பெயர். ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே அதனை வியந்து விரித்துரைத்தார். இக்காலத்தில் வயலுக்கு நீர் எடுப்பதற்காகச் சிறு கட்டை ஓரிரவில் வெட்டி, ஒரு பிளாஸ்ரிக் குழாயைப் புதைத்து, மண்ணைக் காலால் மிதித்து மூடிவிட்டுப் போகின்றவர் அந்த வல்லுநரின் பேரராயினும் ஆவர்.

அணை அழியும் இரண்டாவது வழி, நீர் அதன்மேல் வழிதல். கல்லணை சற்று நேரம் தாங்கும், மண்ணணை தாங்காது. உச்சியைக் கடந்த நீர் வெளிச்சரிவிலே வேகம் பெற்று அடிமண்ணை அரிக்கும். அரிப்பு படியேறி வந்து உச்சியை வெட்டும். வெட்டிய வாயினூடே பாயும் நீர் வாயை மேலும் அகலமாக்கும். இதனாலேயே ஒவ்வொரு மண்ணணைக்கும் வான் வேண்டும். கட்டின் உச்சியை விடத் தாழ்வான, கல்லாலோ கொங்கிறீற்றாலோ காப்பிடப்பட்ட ஓரிடத்திலே மிகுநீர் வழிந்து போகவேண்டும். வானின் மட்டத்துக்கும் கட்டின் உச்சிக்கும் இடையே சில அடி உயரம் அலைக்கும் எதிர்பாராத மழைக்குமாக விடப்பட்டிருக்கும். இங்கே பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. கட்டின் உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரமேயாகும். அரை மைல் நீளமான கட்டிலே, உழவு இயந்திரம் ஏறியிறங்கிய தடம் ஒன்று ஒன்றரை அடி பள்ளமாகிவிட்டால், எஞ்சிய அரை மைலும் வீண். வெள்ளம் முழுவதும் அந்தத் தடத்தைத் தேடியே வரும்.

பென்சில்வேனியா மாநிலத்துச் சவுத் போர்க் அணையின் கதை இதற்கு என்றும் மறையாத சான்று. கால்வாய்ப் போக்குவரத்துக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட 72 அடி உயரமான மண்ணணை அது. செல்வர்கள் சிலர் அதனை வாங்கி, மீன்பிடித்துப் பொழுதுபோக்கும் சங்கம் அமைத்தனர். குதிரை வண்டிகள் எதிரெதிரே செல்வதற்கு வசதியாக உச்சியை வெட்டித் தாழ்த்தினர். மீன்கள் தப்பிப்போகாதபடி வானின் குறுக்கே கம்பி வலைகளை இட்டனர். அடியில் நீரைத் திறந்துவிடும் குழாய்கள் முன்னரே பிடுங்கி விற்கப்பட்டிருந்தன. அவற்றை மீண்டும் அமைக்கவில்லை. 1889ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் தேதி பெருமழையிலே வலைகளிற் குப்பை அடைத்தது, நீர் தாழ்த்தப்பட்ட உச்சியின்மேல் வழிந்தது, அணை போயிற்று. 14 மைலுக்குக் கீழேயிருந்த ஜோன்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தனர். வண்டிப்பாதை, வலை, குழாய் ஆகிய மூன்றும் தனித்தனியே பார்க்கும்போது அற்ப மாற்றங்களே. நம் ஊர்களிலும் வானின் முகப்பிலே மீன்பிடிக்கக் கட்டும் பறியும், வாய்க்காலில் வந்து சேரும் பொலித்தீன் குப்பையும் ஆகாயத்தாமரையும் அவ்வலையின் வேலையையே செய்கின்றன.

இந்தியாவிலே மச்சு ஆற்றின் இரண்டாவது அணை, 1979ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் தேதி, வான் கணக்கிடப்பட்ட அளவின் இரு மடங்குக்கு மேற்பட்ட வெள்ளம் வந்தமையால் இரு பக்கத்து மண்கட்டுகளும் கரைந்து, மோர்பி நகரை அழித்தது. 1957ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்திலே அநுராதபுரத்தை அடுத்த நாச்சதூவக் குளமும் பெருஞ்சேதமுற்று, அடுத்த ஆண்டு திருத்தப்பட்டது. மூன்றாவது வழியாகிய சரிவு வழுக்குதல் இவ்வளவு கொடியதன்று. நெடுநாள் நீரில் ஊறிய கட்டின் முன்னால் நிற்கும் நீரைத் திடீரென்று இறக்கிவிட்டால், ஊறிய மண் தன் பாரத்தாலேயே சரியும். கதவை ஒரேயடியாகத் திறக்காமல் படிப்படியாகத் திறக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெள்ளத் தடுப்புக் கட்டுக்கு, நீர்ப்பாசனக் குளத்தின் கட்டுக்கு இல்லாத ஒரு தனி ஆபத்து உண்டு. குளக்கட்டு ஆண்டின் பெரும்பகுதி ஈரமாக இருக்கும். கமக்காரர் நாள்தோறும் துருசுக்குச் செல்வர். கசிவு தோன்றினால் யாரேனும் ஒருவர் காண்பார். வெள்ளக் கட்டோ ஒன்பது மாதம் உலர்ந்து கிடக்கும். மாசி முதல் புரட்டாதி வரை வெயிலிலே களிமண் சுருங்கி வெடிக்கும். ஒரு முழக் கோலை இறக்கினால் மறையுமளவுக்குச் சில வெடிப்புகள் ஆழ்ந்திருக்கும். எலி வளை தோண்டும், உடும்பு குழி பறிக்கும், கறையான் புற்றெழுப்பும், நீரோரத்தில் நண்டு துளையிடும். மாடுகள் ஒரே இடத்தில் ஏறியிறங்கிப் பாதை போடும். தானே முளைத்த பனையும் வேம்பும் நிழல் தருகின்றன என்று வெட்டாமல் விடுவர். மரம் நிற்கும்வரை வேர் மண்ணைப் பிடித்திருப்பது உண்மை. மரம் பட்ட பின்னர் வேர் உக்கி, அது சென்ற வழியெல்லாம் குழாயாகின்றது. புயலிலே மரம் சாய்ந்தால் வேரோடு கட்டின் பாதியையும் கிளப்பிக்கொண்டு சாய்கின்றது. பின்னர் ஓர் ஐப்பசி இரவிலே முதல் வெள்ளம் வருகின்றது. கட்டு தன் வேலையைத் தொடங்கும் முதல் நாழிகையே அதற்குச் சோதனை நாழிகையாகின்றது.

கடனீரேரிக் கரையின் மண்ணுக்கு இன்னொரு குற்றமும் உண்டு. உப்புநீரில் நெடுங்காலம் கிடந்த களியில் சோடியம் ஏறியிருக்கும். உப்புநீர் தொடும்வரை அம்மண் திரண்டு நிற்கும். மழைநீர் தொட்டதும் துகள் துகளாகப் பிரிந்து பால்போலக் கலங்கிக் கரைந்துவிடும். வெட்டி எடுக்கும்போது கரிய, இறுகிய, அருமையான களி என்று தோன்றும் மண்ணே இவ்வாறு ஏமாற்றும். இதனைச் சோதிப்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கண்ணாடிக் குவளையில் மழைநீரை எடுத்து, பட்டாணி அளவான மண்கட்டி ஒன்றை மெல்ல இட்டு, அசைக்காமல் சில நிமிடம் வைக்க வேண்டும். கட்டி உதிர்ந்து குவியலாய்க் கிடந்து, நீர் தெளிந்திருக்குமானால் பெரிதும் அஞ்ச வேண்டுவதில்லை. கட்டியைச் சுற்றி வெண்முகில் போன்ற கலங்கல் எழுந்து பரவுமானால் அந்த மண்ணைத் தனியே கட்டுக்குப் பயன்படுத்தல் ஆகாது. சுண்ணாம்போ ஜிப்சமோ கலந்தால் அக்குற்றம் பெரிதும் தணியும். கிணற்று நீரிலே சோதிப்பது கூடாது; குடாநாட்டுக் கிணற்று நீரிற் கரைந்துள்ள சுண்ணம் உண்மையை மறைத்துவிடும்.

இனி, கதவைத் திறக்கும் கேள்வி. கட்டும் வானும் கல்லும் மண்ணுமாகையால் அவற்றைக் கணக்கிடலாம். கதவுக்குப் பின்னே மனிதர் நிற்கின்றனர். கடனீரேரி ஓரத்தில் நெல் விதைத்தவர், பயிர் மூழ்குமுன் நீரை வெளியேற்றுக என்பார். மேட்டிலே தோட்டஞ் செய்பவர், கிணறு ஊறும்வரை நீரை நிறுத்துக என்பார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. சிறிது பொறுத்திருந்து பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதே அலுவலருக்கு எளிது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21ஆம் தேதி இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே கொட்டிய மழையால் இரணைமடுக் குளம் நிறைந்து, வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கீழேயுள்ள ஊர்கள் மூழ்கின. கதவுகள் காலம் தாழ்த்தித் திறக்கப்பட்டனவா என்பது பின்னர் விசாரணைக்குரிய பொருளாயிற்று. யார் பிழை என்பது ஒருபுறமிருக்க, மழை வருமுன் எந்த மட்டத்தில் நீரை வைத்திருப்பது, எந்த மட்டத்தில் எத்தனை கதவு திறப்பது என்பவை எழுதப்பட்டு, கீழேயுள்ள ஊராருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்குமானால் பாதிச் சண்டை குறையும். இரவு பத்து மணிக்கு, மழையின் நடுவே, முதன்முறையாக ஆலோசிக்கத்தக்க விடயமன்று அது.

கட்டைப் பார்த்துக்கொள்வது யார் கடமை? இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நிலவிய காலத்தில், கட்டுக்கு மண் போடுவது ஊராரின் தவிர்க்க இயலாத கடமையாயிருந்தது. 1832ஆம் ஆண்டில் அது ஒழிக்கப்பட்டது. அடிமைத்தளை நீங்கியது நன்மையே. ஆயினும் குளங்களைப் பேணும் கையும் அதனோடு தளர்ந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். அரசாங்கமும் இதை உணர்ந்து, 1856ஆம் ஆண்டிலே வயற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் மூலம் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் வலுவளித்தது. வன்னியிலே வட்டவிதானை என்பவர் முன்னின்று, ஒவ்வொருவர் காணியின் பரப்புக்கேற்பக் கட்டிலே அவரவர் பங்கு முழத்தை அளந்து விடுவார். இன்று 200 ஏக்கருக்கு உட்பட்ட நிலத்துக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. வயலுக்குப் பாயாமல், வெள்ளத்தை மட்டும் தடுக்கும் கட்டுக்கு இப்பிரிவில் இடம் எங்கே என்பது எளிதில் விடையிறுக்கத்தக்க கேள்வியன்று. அதனால் நீர் பெறும் கமக்காரர் சங்கம் இல்லை. அதனால் காக்கப்படுவோரோ, வீட்டிலே நீர் புகாதிருக்கும் ஆண்டுகளில் அப்படியொரு கட்டு இருப்பதையே நினைப்பதில்லை. போர்க்காலத்திலே பல கட்டுகளை அணுகவும் முடியாதிருந்தது. அந்த ஆண்டுகளில் முளைத்த மரங்கள் இன்று பெருமரங்களாய் நிற்கின்றன.

வெள்ளம் வந்துவிட்ட இரவிலே கட்டின்மேற் செல்வோர் நீர்ப்பக்கத்தை மட்டும் விளக்குப் பிடித்துப் பார்ப்பது இயல்பு. ஆபத்தின் அறிகுறி பெரும்பாலும் மறுபக்கத்து அடிவாரத்திலேதான் தோன்றும். அங்கே ஊறும் நீர் தெளிந்ததாகவும், நேரத்துக்கு நேரம் கூடாமலும் இருந்தால் காவல் வைத்துப் பார்த்திருக்கலாம். கலங்கியிருந்தால் கட்டின் மண் வெளியேறுகின்றது என்பதே பொருள். மணல் குமிழியிட்டுக் கொதிப்பது போல எழுந்தாலும் அவ்வாறே. அப்போது அந்த ஊற்றை அடைத்துவிட வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். அடைத்த நீர் வேறோரிடத்திலே, முன்னிலும் மூர்க்கமாக வெளிவரும். செய்யத்தக்கது, ஊற்றைச் சுற்றி மண்மூட்டைகளைக் கிணற்றுக்கட்டுப் போல அடுக்கி, உள்ளே நீர் சிறிது உயர விடுவது. உள்ளே உயர்ந்த நீரின் பாரம் கட்டினூடே வரும் நீரின் வேகத்தைத் தணிக்கும். கலங்கல் தெளியும் உயரம்வரை மூட்டை அடுக்கினாற் போதும். மூட்டை இல்லாத இடத்தில் பருமணலையும், அதன்மேல் சரளையையும், அதன்மேல் கல்லையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினால், டெர்சாகி சொன்ன வடி கிடைத்துவிடும். நீர்ப்பக்கத்திலே சுழி காணப்பட்டால் அங்கேதான் களிமண்ணும் படங்கும் கொண்டு அடைக்க வேண்டும். இவற்றைச் செய்யும்போதே கீழேயுள்ள வீட்டாரை எழுப்பி மேட்டுக்கு அனுப்புவதற்கு ஒருவர் ஓடியிருக்க வேண்டும். கட்டு நிற்கின்றதா என்று பார்த்துவிட்டு ஓடுவதற்குள் காலம் கடந்துவிடும்.

உலர்ந்த காலத்து வேலை ஆவணியிலும் புரட்டாதி முற்பகுதியிலும் செய்யத்தக்கது. வெடிப்பின்மேல் உலர்மண்ணைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுச் செல்வதிற் பயனில்லை. அது முதல் மழையிலே இறங்கி, வெடிப்பு பழையபடி வாய் திறக்கும். வெடிப்பு முடியுமிடம்வரை தோண்டி, வாயை அகலமாக்கி, ஈரங்கலந்த மண்ணை அரையடி அரையடியாக இட்டு, ஒவ்வொரு படையையும் உலக்கையாலோ திமிசுக்கட்டையாலோ நன்றாக இடித்த பின்னரே அடுத்த படையை இடவேண்டும். கையிலே உருட்டினால் உருண்டையாக நிற்பதும், கையில் ஒட்டாததுமான ஈரமே அதற்கேற்ற ஈரம்.